ஜூலியோ ரிபைரோ: பம்பாய் முதல் பஞ்சாப் வரை

ஆண்டு விழா மலர் என்றால் அதில் புலவர் பெருமக்கள், அடியார்கள், தேசத் தலைவர்கள் ஆகியோரின் வரலாறுகள் இடம்பெறுவதே வழக்கம். போலீஸ் அதிகாரி ஒருவரின் வரலாற்றை நாம் எழுதப் புகுவது சிலருக்குப் புதுமையாகத் தோன்றலாம். நம் குடும்பங்களில் போலீஸ்காரர் என்பவர் சோறு உண்ண மறுக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டியின் இடத்தில் காட்டப்படுகிறவர். அதற்கு மேல் அவரோடு நமக்கு எந்தத் தொடர்பும் வேண்டாம் என்பதே பெரியோர் நமக்குச் சொல்லிவைத்த விவேகம். ஆயினும் ஊர் விட்டு ஊர் வந்து, வேறு மொழி பேசுவோர் நடுவே குடியிருக்கும் நமக்குக் காவல் துறையின் நேர்மை, பிறரைக் காட்டிலும் சற்று அதிகமாகவே வேண்டியிருக்கிறது. கலவரம் மூளும் நாளில் உள்ளூர்க்காரனுக்குப் போய்ப் புகலடைய உறவினர் வீடு உண்டு. குடியேறியவனுக்கு அடுத்த வீட்டுக்காரரும் அருகிலுள்ள காவல் நிலையமும்தாம் உண்டு. அதனாலேயே இந்நகரில் பிறந்து, இந்நகரின் காவலுக்குத் தலைமை வகித்து, பின் பஞ்சாபின் தீயில் இறங்கி, முதுமையில் மீண்டும் இந்நகரின் சந்துகளுக்கே திரும்பி வந்த ஒருவரைப் பற்றி நம் காலனி அன்பர்கள் அறிந்திருப்பது நன்று என்று கருதினோம்.

ஜூலியோ பிரான்சிஸ் ரிபைரோ 1929ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். கோவாவைப் பூர்விகமாகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. நாம் திருநெல்வேலியையும் தஞ்சாவூரையும் பாலக்காட்டையும் ‘ஊர்’ என்று சொல்லிக்கொண்டு பிள்ளைகளை இங்கே வளர்க்கிறோம் அல்லவா, அதுபோலக் கோவாவை ‘ஊர்’ என்று சொல்லிக்கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பம்பாயில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1953ஆம் ஆண்டில் அவர் இந்தியப் போலீஸ் பணியில் சேர்ந்தார். அன்றைய பம்பாய் ராஜ்யம் குஜராத்தையும் தன்னுள் அடக்கியது. 1960 மே முதல் நாள் அது இரண்டாகப் பிரிந்தபோது அவர் மகாராஷ்டிரத்தின் அதிகாரியானார். அடுத்த இருபது ஆண்டுகளும் மாவட்டங்களிலும் தலைமையகங்களிலும் படிப்படியாக உயர்ந்த ஆண்டுகள். அவற்றை விரித்துரைப்பது இங்கு அவசியமில்லை. கை சுத்தமானவர், மேலிடத்துச் சிபாரிசுக்கு எளிதில் வளையாதவர் என்னும் பெயரை அவர் ஈட்டியது அந்த ஆண்டுகளில்தான் என்பதை மட்டும் சொல்லிவிட்டு 1982க்கு வருகிறோம்.

1982ஆம் ஆண்டை இந்நகரின் பழைய குடிகள் எவரும் மறந்திரார். ஜனவரி 18ஆம் நாள் டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பரேல், லால்பாக், வொர்லி ஆகிய பகுதிகளில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஆலைக்கு வெளியே நின்றனர். புகைபோக்கிகள் அவிந்தன. அத்தகைய ஆண்டின் தொடக்கத்தில் ரிபைரோ பம்பாய் மாநகரப் போலீஸ் கமிஷனராகப் பொறுப்பேற்றார். ஆலைத் தொழிலாளரின் மனக்கொதிப்பு ஒருபுறம் இருக்க, அவருடைய சொந்தப் படையே மறுபுறம் கொதித்துக்கொண்டிருந்தது.

கான்ஸ்டபிள்களின் குறைகள் பொய்யானவை அல்ல. சம்பளம் சொற்பம். எட்டு மணி நேரம் என்பது ஏட்டில்தான். வீடு என்பது சாளில் ஓர் அறை. மேலதிகாரிகள் சிலரின் வீட்டு வேலையையும் செய்ய வேண்டிய இழிவு வேறு. ஆயினும் துப்பாக்கி ஏந்தியவர்கள் கூடிக் கட்டளையை மீறத் தொடங்கினால் அதன் விளைவு என்ன ஆகும் என்பதை அவ்வாண்டு ஆகஸ்டில் நகரம் கண்டது. சுதந்திர தினத்தன்று கான்ஸ்டபிள்கள் கறுப்புச் சின்னம் அணிந்தனர். சர்க்கார் ஆகஸ்ட் 18 விடிவதற்கு முன்பே நய்காவ் போலீஸ் வளாகத்தைச் சுற்றி வளைத்து, சங்கத் தலைவர்களைக் கைது செய்தது. பொழுது புலர்ந்ததும் காக்கி உடையினரே தெருவில் இறங்கினர். ரயில்கள் நின்றன. கடைகள் சூறையாடப்பட்டன. காவலர் இல்லாத தெருவில் எவன் வேண்டுமானாலும் அரசன் என்பதை மூன்றே நாழிகையில் நகரத்து வணிகர்கள் கற்றுக்கொண்டனர். ராணுவம் வந்துதான் அமைதி திரும்பிற்று.

ஒரு தளபதிக்கு எதிரியின் தாக்குதல் பெரிதல்ல. தன் படையின் கலகமே பெரிது. பலர் பணிநீக்கம் செய்யப்பட்டனர், சங்கம் கலைக்கப்பட்டது. அவமானமும் ஆத்திரமும் கலந்து நின்ற எஞ்சியோரைக் கொண்டே, கோடிக்குச் சமீபமான மக்கள் வாழும் ஒரு நகரத்தைக் காக்க வேண்டிய கடமை கமிஷனருக்கு இருந்தது. பிற்காலத்தில் பஞ்சாபில் அவர் எதிர்கொண்டதும் ஏறக்குறைய இதே கேள்விதான். மனம் உடைந்த ஒரு படையை நிமிர்த்தி நிற்கவைப்பது எப்படி? அதற்கான முதற்பாடத்தை அவர் கற்றது நய்காவில் என்று சொன்னால் மிகையாகாது.

அவருடைய கமிஷனர் காலத்தில்தான் 1984 மே மாதத்துப் பிவண்டிக் கலவரமும் நிகழ்ந்தது. தறிகள் நிறைந்த அந்த ஊரில் மூண்ட வகுப்புத் தீ பம்பாய்க்கும் பரவி, இருநூறுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. அங்கும் இறுதியில் ராணுவமே அழைக்கப்பட்டது. பிவண்டி என்னும் பெயரை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். இக்கட்டுரையில் அது மீண்டும் வரும்.

நம்மவரைப் பற்றிய ஒரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுவது நேர்மை. மாதுங்கா, தாராவி, ஆன்டாப் ஹில் பகுதிகளில் கள்ளச்சாராயத்தாலும் கடத்தலாலும் வளர்ந்த வரதராஜ முதலியாரின் ஆதிக்கம் கொடிகட்டிப் பறந்ததும், பின் போலீஸ் அதிகாரி ஒய்.சி. பவாரின் விடாத நெருக்கடியால் சரிந்ததும் 1980களில்தான். சென்னைக்குச் சென்றுவிட்ட அவர் 1988இல் அங்கேயே காலமானார். அவரால் உதவி பெற்ற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அவரால் அழிந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. திரைப்படம் பார்த்து அவரை அறிந்த இளைஞர்களுக்கு இரண்டாவது கூட்டத்தாரைப் பற்றி முதியோர் யாரேனும் சொல்ல வேண்டும்.

1985இல் ரிபைரோ மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் தலைமை இயக்குநரானார். அவ்வாண்டில் குஜராத்தில் இடஒதுக்கீட்டு எதிர்ப்புக் கிளர்ச்சி வகுப்புக் கலவரமாக மாறியது. ஆமதாபாத்தில் போலீசாரே கட்டுப்பாட்டை இழந்து நாளிதழ் அலுவலகம் ஒன்றைத் தாக்கும் அளவுக்கு நிலைமை கெட்டது. அம்மாநிலக் காவல் துறைத் தலைமை அவரிடம் அளிக்கப்பட்டது. எங்கு காவல் துறை நோயுற்றதோ அங்கு அனுப்பப்படும் வைத்தியர் என்னும் நிலை அவருக்கு இவ்வாறு ஏற்பட்டது. 1986 மார்ச்சில் அவ்வைத்தியர் பஞ்சாபுக்கு அனுப்பப்பட்டார்.

பஞ்சாபின் அன்றைய நிலையை இளைய தலைமுறைக்குச் சற்று விளக்க வேண்டும். 1978 வைசாகி நாளில் அமிர்தசரசில் மூண்ட மோதலிலிருந்து தொடங்கிய கசப்பு, ஜர்னைல் சிங் பிந்தரன்வாலேயின் எழுச்சியோடு வன்முறையாக முற்றியது. 1981 செப்டம்பரில் பத்திரிகை அதிபர் லாலா ஜகத் நாராயண் சுட்டுக் கொல்லப்பட்டார். 1983 ஏப்ரல் 25 அன்று அமிர்தசரசின் பொற்கோயிலில் தொழுதுவிட்டு வெளியே வந்த போலீஸ் உதவித் தலைவர் ஏ.எஸ். அட்வால் அதன் வாயிற்படியிலேயே சுட்டு வீழ்த்தப்பட்டார். அவரது சடலம் நெடுநேரம் அங்கேயே கிடந்தது. எடுக்கத் துணிந்தார் இல்லை. ஒரு மாநிலத்தின் போலீஸ் தோற்றுவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அடுத்து 1984 ஜூனில் ராணுவம் பொற்கோயிலுள் புகுந்தது. அக்டோபர் 31இல் பிரதமர் இந்திரா காந்தி தம் மெய்க்காவலராலேயே கொல்லப்பட்டார். தொடர்ந்த நாட்களில் தலைநகரில் மட்டும் 2,700க்கு மேற்பட்ட சீக்கியர் கொல்லப்பட்டதாகச் சர்க்கார் கணக்கே கூறுகிறது. டில்லியில் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்நாட்கள் பத்திரிகையில் படித்தவை அல்ல; சன்னல் வழியே கண்டவை. அக்கொலைகளைச் செய்தவர்களுக்கு உரிய தண்டனை உரிய காலத்தில் கிட்டாதது பஞ்சாபின் தீக்கு வார்த்த நெய் என்பதே நம் கருத்து.

1985 ஜூலையில் பிரதமர் ராஜீவ் காந்தியும் அகாலித் தலைவர் ஹர்சந்த் சிங் லோங்கோவாலும் உடன்பாடு செய்தனர். ஒரு மாதம் நிறைவதற்குள், ஆகஸ்ட் 20 அன்று, லோங்கோவால் சுட்டுக் கொல்லப்பட்டார். தேர்தல் நடந்து சுர்ஜித் சிங் பர்னாலா முதலமைச்சரானார். பிற்காலத்தில் இருமுறை தமிழ்நாட்டின் ஆளுநராக இருந்தவர் இவரே. 1991இல் தமிழக அரசைக் கலைப்பதற்கு அறிக்கை தர மறுத்தவர் என்ற வகையில் நம்மவர் பலருக்கு அவரைத் தெரியும். அவரது அமைச்சரவை ஒருபுறம் தீவிரவாதிகளாலும் மறுபுறம் தம் கட்சியின் பிளவாலும் இழுபட்டுக்கொண்டிருந்த வேளையில்தான் ரிபைரோ சண்டிகர் போய்ச் சேர்ந்தார். சில நாட்களில் சித்தார்த்த சங்கர் ராய் ஆளுநராக வந்தார்.

ரிபைரோ அப்போது டில்லியில் உள்துறை அமைச்சகத்தின் உயர் பதவியில் இருந்தவர். ஐம்பத்தேழாவது வயதை எட்டிக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும் காலத்தை எண்ணிக் கொண்டிருக்க வேண்டிய வயது அது. பஞ்சாபி மொழி அறியாதவர், அம்மண்ணுக்கு அந்நியர். இந்துவும் அல்லர், சீக்கியரும் அல்லர் என்பது அவருக்கு ஒரு வசதியாகவும் கருதப்பட்டிருக்கலாம். அவர் கையில் ஒப்படைக்கப்பட்ட படையோ மிகவும் இரக்கத்துக்குரியது. கிராமத்துப் போலீஸ்காரனின் தாயும் தந்தையும் மனைவி மக்களும் அதே கிராமத்தில் வயல் நடுவே தனி வீட்டில் இருப்பார்கள். அவன் பகலில் ஒருவனைப் பிடித்தால் இரவில் அவன் வீட்டுக் கதவு தட்டப்படும். ஒருபுறம் அச்சம். மறுபுறம், 1984இன் நிகழ்ச்சிகளால் அவன் உள்ளமும் புண்பட்டே இருந்தது. கையில் இருந்ததோ பழைய .303 துப்பாக்கி. எதிரிகள் கையில் ஏ.கே. 47 வந்து சேர ஓரிரு ஆண்டுகளே பாக்கி இருந்தன. இத்தகைய படையை வைத்துக்கொண்டு போர் தொடுப்பதைவிட, ராணுவத்தை மீண்டும் அழைத்துவிடுவது எளிது. ஆனால் ராணுவம் வந்துபோன பிறகு என்ன மிஞ்சும் என்பதை 1984 காட்டிவிட்டது. அம்மண்ணின் போலீஸே அம்மண்ணைக் காக்க வேண்டும் என்பதுதான் ரிபைரோ ஏற்றுக்கொண்ட வழி.

அவர் வந்த சில வாரங்களில், 1986 ஏப்ரல் 29 அன்று, பொற்கோயில் வளாகத்திலிருந்து தனிநாட்டுப் பிரகடனம் வெளியாயிற்று. மறுநாளே போலீசும் தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்களும் உள்ளே சென்றனர். பெரிய தலைகள் முன்னரே நழுவிவிட்டன. பெரும்பலன் ஏதும் இல்லை. ஆயினும் ராணுவமின்றி, பெருஞ்சேதமின்றி அக்கோயிலுக்குள் போலீஸ் சென்று வரமுடியும் என்பது புலனாயிற்று.

‘குண்டுக்குக் குண்டு’ என்னும் சொற்றொடர் இக்காலத்தில்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. நாடெங்கும் பத்திரிகைகள் அதைத் தலைப்பாக்கின. நகரத்து நடுத்தர வகுப்பார் கைதட்டினர். ஆனால் அச்சொல் தம்முடையதன்று, அரசியலார் வாயிலிருந்து வந்து தம் தலையில் ஏற்றப்பட்டது என்று அவர் பின்னாளில் திரும்பத் திரும்பக் கூறிவந்தார். விதியின் வேடிக்கை பாருங்கள். 1998இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது அந்நூலுக்கும் அதே சொற்றொடரே பெயராயிற்று. ஒருவன் சொல்லாத சொல்லுக்காக உலகம் அவனைப் போற்றும்போது அதை மறுத்துரைப்பது, பழித்துரைக்கும்போது மறுப்பதைக் காட்டிலும் கடினம்.

1986ஆம் ஆண்டு கொடிய ஆண்டு. ஜூலை 25இல் முக்த்சர் அருகே பேருந்தை நிறுத்தி, இந்துப் பயணிகளைப் பிரித்து இறக்கிச் சுட்டுக் கொன்றனர். ஆகஸ்ட் 10 அன்று, ஓய்வு பெற்றுப் புனேயில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருந்த முன்னாள் தரைப்படைத் தளபதி ஜெனரல் அருண் வைத்யா நடுத்தெருவில் காரிலேயே கொல்லப்பட்டார். அக்டோபர் 2 அன்று ராஜ்காட்டில், மகாத்மாவின் சமாதியருகே, பிரதமர் ராஜீவ் காந்தியைச் சுட முயன்றான் ஒருவன். அதற்கு மறுநாள் ரிபைரோவின் முறை வந்தது.

அக்டோபர் 3. ஜலந்தரில் பஞ்சாப் ஆயுதப் போலீசின் தலைமை வளாகம். அதைவிடப் பத்திரமான இடம் அம்மாநிலத்தில் இல்லை எனலாம். போலீஸ் உடை தரித்த சிலர் அவ்வளாகத்தினுள்ளேயே புகுந்து, ரிபைரோவையும் அவர் மனைவி மெல்பாவையும் நோக்கிச் சரமாரியாகச் சுட்டனர். இருவரும் காயங்களோடு தப்பினர். காவலுக்கு நின்றவர் உயிர் கொடுத்தார். தாக்கியவர்களுக்குத் தலைமை தாங்கியவராகக் கூறப்படும் லாப் சிங் என்பவர் ஒரு முன்னாள் போலீஸ்காரர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உடையும் போலீஸ் உடை, ஏந்திய கையும் போலீஸில் பழகிய கை! 1987 பிப்ரவரியில் லூதியானாவில் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் பறிபோன வங்கிக் கொள்ளையும் அதே கூட்டத்தாரின் செயலே. அந்நாள்வரை இந்நாட்டில் அதற்கு ஈடான வங்கிக் கொள்ளை நடந்ததில்லை என்றனர்.

நம் இல்லத்தரசிகள் மெல்பா அம்மையாரைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். கணவருடைய பதவிக்காகக் கிடைத்த வீரப் பதக்கங்களில் மனைவிக்குப் பங்கில்லை; அவர்மேல் பாய்ந்த குண்டில் மட்டும் பங்கு இருந்தது. இத்தனைக்குப் பிறகும் அவ்விருவரும் பஞ்சாபை விட்டுப் போகவில்லை. 1987இல் ரிபைரோவுக்குப் பத்மபூஷண் விருது வழங்கப்பட்டது.

விருதால் வெற்றி வந்துவிடவில்லை. 1986 நவம்பர் 30 அன்று ஹோஷியார்பூர் மாவட்டத்தில் பேருந்துப் பயணிகள் 24 பேர் கொல்லப்பட்டனர். 1987 மே 11இல் பர்னாலா அரசு நீக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஜூலை 6 அன்று லால்ரு அருகே மீண்டும் ஒரு பேருந்து. முப்பதுக்கு மேற்பட்ட உயிர்கள். மறுநாள் ஹரியானாவின் பதேஹாபாத் பக்கம் இன்னும் அத்தனை. டிசம்பர் 14 விடியற்காலையில் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிலைய மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்த மாவட்டப் போலீஸ் தலைவர் அவிந்தர் சிங் பிராரும், அவருடன் இருந்த கே.ஆர்.எஸ். கில் என்னும் அதிகாரியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இருவரும் சீக்கியர்கள். சீக்கியரின் பெயரால் நடந்த அப்போரில் இறந்த பஞ்சாப் போலீசாரிலும் பெரும்பாலோர் சீக்கியரே என்பதைப் பிற மாநிலத்தார் எளிதில் மறந்துவிடுகிறார்கள். அப்போர் முடிவதற்குள் 1,700க்கு மேற்பட்ட காவலர் உயிர் நீத்தனர். மொத்தத்தில் மடிந்தவர் 20,000க்கு மேல். மத்திய ரிசர்வ் போலீஸ் படையில் சேர்ந்து அங்குக் காவல் புரிந்த தமிழ் இளைஞர்களும் உண்டு. கடுங்குளிரில் கரும்புக்காட்டு ஓரம் மணல்மூட்டைக்குப் பின் நின்ற அவர்களுக்கு, ‘அடுத்த பொங்கலுக்காவது வருவாயா?’ என்று கேட்டு ஊரிலிருந்து கடிதம் போயிருக்கும்.

1988இல் காவல் துறைத் தலைமை கே.பி.எஸ். கில் கைக்கு மாறியது. ரிபைரோ ஆளுநரின் ஆலோசகரானார். அவ்வாண்டு மே மாதம் பொற்கோயிலுள் மீண்டும் ஆயுதமேந்தியவர்கள் பதுங்கியபோது, ராணுவம் உள்ளே புகவில்லை. நீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. தூரத்திலிருந்து குறிபார்ப்போர் காத்திருந்தனர். நாட்கள் கடந்தன. இறுதியில் ஏறத்தாழ 200 பேர் கைகளை உயர்த்தி வெளியே வந்ததைப் பத்திரிகையாளர் நேரில் கண்டனர். 1984இல் பீரங்கியால் ஆகாதது 1988இல் பொறுமையால் ஆயிற்று.

ஆயினும் அதன் பிறகும் ஐந்தாண்டு காலம் ரத்தம் ஓடிற்று. அக்கடைசிக் கட்டத்தின் வெற்றி கில் அவர்களுடையது என்பர். வெற்றிதான், சந்தேகமில்லை. அதன் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அமிர்தசரஸ் மாவட்டத்துச் சுடுகாடுகளில், உரியவருக்குத் தெரிவிக்கப்படாமலே எரிக்கப்பட்ட 2,097 சடலங்களின் விவரத்தை மத்தியப் புலனாய்வுத் துறை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தது. அவ்வெரிப்புகளை முதலில் வெளிக்கொணர்ந்த ஜஸ்வந்த் சிங் கால்ரா 1995 செப்டம்பரில் தம் வீட்டு வாசலிலிருந்தே கொண்டுபோகப்பட்டார், திரும்பவில்லை. அக்குற்றத்திற்காகப் பஞ்சாப் போலீசார் சிலர் பின்னர்த் தண்டனை பெற்றனர். ரிபைரோவின் காலத்திலும், ரகசியக் குழுக்களைக் கொண்டு காரியம் முடித்தார்கள் என்னும் குற்றச்சாட்டு எழாமல் இல்லை. அதனை மறைத்துவிட்டு அவர் புகழை மட்டும் பாடினால் இக்கட்டுரை வரலாறு ஆகாது, வாழ்த்துமடலாகிவிடும். வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அவரே செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவரும் ஆவார். இவ்விரண்டிற்கும் நடுவே ஓடும் எல்லைக்கோடு, நள்ளிரவில் ஒரு கிராமத்துக் காவல் நிலையத்தில் எவ்வளவு மெலிந்துபோகும் என்பதை அங்கிருந்தவர்களே அறிவர்.

கில்லின் வழியோடு தமக்கு முழு உடன்பாடு இல்லை என்பதை ரிபைரோ மறைத்ததில்லை. பயங்கரவாதி எச்சமூகத்திலிருந்து தோன்றுகிறானோ, அச்சமூகம் அவனைக் கைவிடும் நாளில்தான் அவன் தோற்கிறான். அதுவரை ஒருவன் விழுந்தால் இருவர் எழுவர் என்பது அவர் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்த முடிபு. பஞ்சாபிலும் இறுதியில் நடந்தது அதுவே அல்லவா? மிரட்டிப் பணம் பறிப்போரையும், வீடு புகுந்து பெண்களிடம் தகாது நடப்போரையும் கண்டு சலித்த ஜாட் உழவன் கதவடைத்தான். அதன் பிறகே போலீசின் கை ஓங்கிற்று.

1989இல் ரிபைரோ ருமேனியாவின் தலைநகர் புக்காரெஸ்டில் இந்தியத் தூதராக நியமிக்கப்பட்டார். பஞ்சாபின் பகை அங்கும் அவரைத் தேடி வந்தது. 1991 ஆகஸ்ட் 20 அன்று ஆயுதமேந்திய நால்வர் அவரைத் தாக்கினர். லோங்கோவால் வீழ்ந்த அதே நாள், சரியாக ஆறு ஆண்டுகளுக்குப் பின்! ருமேனியக் காவலர் எதிர்த்துச் சுட்டனர். ரிபைரோ காயமுற்றார், இம்முறையும் பிழைத்தார். இதற்குப் பழிவாங்குவதுபோல், அவ்வாண்டு அக்டோபரில் டில்லியில் ருமேனியத் தூதரகப் பொறுப்பாளர் லிவியு ராடு கடத்தப்பட்டு, பல வாரங்களுக்குப் பின்னரே விடுவிக்கப்பட்டார். அறுபது கடந்தும் இருமுறை மரணத்தின் வாயிலிலிருந்து திரும்பியவர் கோவாவிலோ பாந்திராவிலோ நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எவரும் குறை கூறியிரார்.

1993இல் தூதர் பதவி முடிந்து திரும்பியபோது அவர் கண்ட பம்பாய், அவர் விட்டுச்சென்ற பம்பாய் அன்று. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் நடந்த கலவரங்களில் ஏறத்தாழ 900 பேர் மாண்டிருந்தனர். மார்ச் 12 அன்று வெடித்த குண்டுகள் 257 பேரைக் கொன்றன. அந்நாட்களை இக்காலனியின் பெரியவர்களுக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. மாடிப்படியில் முறைவைத்துக் கண்விழித்ததும், பால்காரர் வராத காலைகளும், வதந்தியைச் சுமந்து தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்ததும் எவருக்கு மறக்கும்? தாராவியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த இந்துக்களும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த கதவுகளில் குடியிருப்பவர்கள். அங்கும் தீ எரிந்தது.

அந்த டிசம்பரில் எரியாத ஊர் ஒன்று இருந்தது. அதுதான் பிவண்டி. 1984இல் வெந்த அதே பிவண்டி! சுரேஷ் கோபடே என்னும் போலீஸ் அதிகாரி 1988 முதல் அவ்வூரில் பேட்டைதோறும் மொஹல்லாக் கமிட்டி என்ற பெயரில் இருசமயத்தாரையும் சேர்த்து உட்கார வைத்துப் பழக்கியிருந்தார். ஒருவர் முகம் ஒருவர் அறிந்தவர்களிடம் வதந்தி செல்லுபடியாகவில்லை. இம்முறையைப் பம்பாயிலும் வேரூன்றச் செய்யும் முயற்சியில் அப்போதைய கமிஷனர் சதீஷ் சாஹ்னி, சமூக ஊழியர் சுஷோபா பர்வே ஆகியோருடன் ரிபைரோ இறங்கினார்.

இக்கமிட்டிகளில் என்ன பேசுவார்கள் என்று அறிய ஆவலுள்ளவர்கள் ஏமாற்றமே அடைவார்கள். மதத்தைப் பற்றிய பெரும்பேச்சு அங்கு அரிது. குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, பள்ளிக்கருகே சாராயம் விற்கிறார்கள், புகார் கொடுக்கப் போனால் ஸ்டேஷனில் உட்காரச் சொல்வதில்லை என்பவையே விவகாரங்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருபுறம், பர்தா அணிந்த பெண்களும் நெற்றியில் குங்குமமிட்ட பெண்களும் மறுபுறம். பண்டிகை நாட்களில் ஊர்வலம் எந்தத் தெரு வழியே, எந்நேரத்தில் போகும் என்பது முன்கூட்டியே பேசி முடிக்கப்படும். போலீசாரும் பேட்டை இளைஞர்களும் சேர்ந்தாடும் கிரிக்கெட் பந்தயங்கள் வேறு நடத்தினார்கள். பார்ப்பதற்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். ஆனால் நய்காவில் படையின் கலகத்தையும் ஜலந்தரில் துப்பாக்கி வாயையும் கண்டுவந்த ஒருவர் இதற்காகத் தம் முதுமையைச் செலவிட்டார் என்றால், பயங்கரவாதத்தை எதிர்க்கும் போலீஸ் வேலையில் இதுவும் ஒரு பகுதி, ஒருவேளை முதற்பகுதி, என அவர் கருதினார் என்றுதான் கொள்ள வேண்டும். ஓய்வுபெற்ற மத்திய அமைச்சரவைச் செயலாளர் பி.ஜி. தேஷ்முக் போன்றோருடன் சேர்ந்து லஞ்ச ஒழிப்புக்கான பொதுப்பணியிலும் அவர் ஈடுபட்டார்.

பத்திரிகைகளிலும் அவர் இடைவிடாது எழுதினார். போலீஸ் அதிகாரிகளின் நியமனத்திலும் மாற்றத்திலும் அரசியல்வாதிகள் கை வைப்பதே எல்லா நோய்க்கும் மூலம் என்பது அவர் எழுத்துகளில் திரும்பத் திரும்ப வரும் செய்தி. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அவர் தொனி மாறியதில்லை. அதனால் எல்லாக் கட்சியாரும் முறைவைத்து அவர்மேல் வருத்தப்பட்டதுண்டு. 2020 செப்டம்பரில், அவ்வாண்டு டில்லியில் நடந்த கலவரத்தின் விசாரணை எல்லாத் தரப்பாரிடத்தும் ஒன்றுபோல நடக்கிறதா என்று வினவி, டில்லிப் போலீஸ் கமிஷனருக்குத் தம் கையொப்பமிட்டுக் கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 91.